காகிதத்தில் 165 குதிரைத்திறன்

டிராக் ரேஸ் என்பது கார் பந்தயங்களிலேயே மிகவும் குறுகியது. நேரான ஒரு சாலை, அதில் இரண்டு தடங்கள், அசையாமல் நிற்கும் இரண்டு கார்கள், கால் மைல் தள்ளி முடிவுக்கோடு. மெட்ரிக் கணக்கில் 402 மீட்டர். வளைவு கிடையாது, இரண்டாவது சுற்றும் கிடையாது. அமெரிக்காவில் தெருக்களிலும் கைவிடப்பட்ட விமான ஓடுதளங்களிலும் நடந்துவந்த இந்த ஓட்டத்துக்கு விதிமுறைகள் வகுத்தது 1951-இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட்ராட் சங்கம். ஆங்கில எழுத்துகளில் அதை என்.எச்.ஆர்.ஏ. என்பார்கள். அந்த விதிகளில் ஸ்டாக் என்ற பிரிவுக்குத் தனி இடம் உண்டு. கடையில் விற்ற கார், அது விற்கப்பட்டபோது இருந்த உடல், அதற்கென்று தொழிற்சாலை பொருத்திய எஞ்சின் வகை, இவற்றோடு ஓடுபவர்களுக்கான பிரிவு அது. 1970-களின் நடுவில் வந்த மஸில் கார்கள், அதாவது நடுத்தர உடலில் பெரிய வி-8 எஞ்சின் பூட்டிய அமெரிக்கக் கார்கள், சாலையில் சோர்ந்துபோனவை என்றே பெயர் வாங்கின. ஸ்டாக் பிரிவிலோ அவற்றுக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது. காரணம், அந்தப் பிரிவு கார்களை வகைப்படுத்தும் முறையிலேயே இருக்கிறது.

ஸ்டாக் பிரிவில் ஒரு கார் எந்த வகுப்பில் ஓட வேண்டும் என்பதை ஒரே ஒரு வகுத்தல் கணக்கு தீர்மானிக்கிறது. காரின் எடையை எஞ்சினின் குதிரைத்திறனால் வகுக்க வேண்டும். எடையில் ஓட்டுநருக்கென 170 பவுண்டும் சேரும். ஒரு குதிரைத்திறனுக்கு இத்தனை பவுண்டு என்று வரும் விடையைக் கொண்டு வகுப்புகள் ஆங்கில எழுத்துகளால் படிப்படியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. விடை சிறியதாக இருந்தால் வேகமான வகுப்பு, பெரிதாக இருந்தால் மெதுவான வகுப்பு. கையால் மாற்றும் கியர் கொண்டவையும் தானியங்கி கியர் கொண்டவையும் தனித்தனி வகுப்புகளில் ஓடுகின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் இலக்கு நேரம் உண்டு. அதைக் குறியீட்டு நேரம் எனலாம். நன்றாகத் தயாரிக்கப்பட்ட கார் அதைவிட ஒரு நொடியோ அதற்கு மேலோ குறைவான நேரத்தில் ஓடிவிடும். தகுதிச் சுற்றின் வரிசையே குறியீட்டு நேரத்தைவிட யார் எவ்வளவு கீழே ஓடினார் என்பதை வைத்துத்தான் அமைகிறது.

இந்தக் கணக்கில் எடையை மேடைத் தராசு காட்டிவிடும். குதிரைத்திறன் அப்படியல்ல. அது உற்பத்தியாளர் காகிதத்தில் எழுதிக் கொடுத்த எண். 1960-களின் இறுதியில் இந்த எண்ணைக் குறைத்துச் சொல்வது பந்தய உத்தியாகவே ஆகிவிட்டது. 1968-இல் ஃபோர்டு தன் 428 கன அங்குல கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 குதிரைத்திறன் என்று அறிவித்தது. அதைப் பூட்டிய மஸ்டாங் அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் போமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் போட்டியில் அல் ஜோனிக் கையில், ஸ்டாக்கின் அண்டைப் பிரிவான சூப்பர் ஸ்டாக்கின் பட்டத்தை வென்றது. எஞ்சினின் உண்மையான திறன் அந்த எண்ணைவிட வெகுவாக மேலே என்பதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். செவ்ரோலே கமாரோ இசட்-28-இன் 302 கன அங்குல எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட 290-உம் இதே ரகம். சங்கமும் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலை சொன்ன எண்ணை ஒதுக்கிவிட்டு, களத்தில் ஓடிய நேரத்தை வைத்துத் தானே ஒரு திருத்திய எண்ணைக் கொடுக்கத் தொடங்கியது.

1970-களின் நடுவில் நிலைமை தலைகீழானது. உற்பத்தியாளர்கள் யாரும் வேண்டுமென்று குறைத்துச் சொல்லாமலே எண்கள் சரிந்தன. 1970-இன் தூய காற்றுச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்தச் சொன்னது. 1971 மாடல்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப அமுக்க விகிதத்தைக் குறைத்தது. அடுத்து, எரிந்த புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே செலுத்தும் வால்வு வந்தது. தீப்பொறி விழும் தருணம் தாமதப்படுத்தப்பட்டது. 1975 மாடல்களில் வினையூக்கி மாற்றி பரவலாக வந்தது. ஈயம் பட்டால் அது கெட்டுவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமானது. இதற்கிடையே 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடையும், வேகமான கார்களுக்கு ஏறிக்கொண்டே போன காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்து வாங்குபவர்களையும் விரட்டின. விளைவு எண்களில் தெரிகிறது. 1970 கார்வெட்டில் எல்.டி.-1 எனப்பட்ட 350 கன அங்குல எஞ்சின் 370 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. அதே கொள்ளளவுள்ள 1975 கார்வெட்டின் அடிப்படை எஞ்சின் 165. இசட்-28 1974-உடன் நிறுத்தப்பட்டு 1977-இல்தான் திரும்பியது. மஸ்டாங் II-வில் 1975-இல் வந்த வி-8 எஞ்சினுக்கு 140 குதிரைத்திறன்கூட இல்லை.

370-க்கும் 165-க்கும் இடையிலான இந்தப் பள்ளம் முழுவதும் உண்மையான இழப்பு அல்ல. அதில் ஒரு பெரும்பங்கு அளக்கும் முறை மாறியதால் வந்தது. 1971 வரை எஞ்சினை மட்டும் மேசையில் பூட்டி, காற்று வடிகட்டி இல்லாமல், மின்னாக்கி போன்ற உபரிச் சுமைகள் இல்லாமல், தடையற்ற புகைப்போக்கியுடன், தீப்பொறித் தருணத்தைச் சிறந்த இடத்தில் வைத்து அளந்தார்கள். அது மொத்தத் திறன். 1972 முதல் காரில் இருக்கும்படியே எல்லா உறுப்புகளும் சைலன்சரும் பூட்டி அளந்தார்கள். அது நிகரத் திறன். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் வெளியிட்டதால் ஒப்பிட வழி உண்டு. அந்த ஆண்டின் எல்.டி.-1-க்கு மொத்தம் 330, நிகரம் 275. ஒரே எஞ்சின், ஒரே ஆண்டு, அளவுகோல் மட்டும் வேறு. ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. பழைய காரை மொத்தத் திறனிலும் புதிய காரை நிகரத் திறனிலும் நிறுத்தி ஒப்பிடும் வழக்கம் இன்றும் ஓயவில்லை. அந்தக் காலத்துக் கார்களுக்கு அதைப்போல அநியாயம் செய்தது வேறில்லை.

அமுக்க விகிதக் குறைவின் பாதிப்பும் பலரும் நினைப்பதைவிடச் சிறியது. பெட்ரோல் எஞ்சினின் கோட்பாட்டுத் திறன் அமுக்க விகிதத்தை ஒட்டி ஏறும், ஆனால் மேலே போகப்போக ஏற்றம் மெதுவாகும். விகிதம் 11 என்றால் வெப்பத்தில் ஏறத்தாழ 51 சதவீதம் வேலையாக மாறலாம். 8.5 என்றால் 47 சதவீதம். உராய்வும் வெப்ப இழப்பும் சேர்ந்து நடைமுறையில் இரண்டு எண்களையும் வெகுவாகக் குறைக்கும் என்றாலும், அவற்றின் விகிதம் பெரிதும் மாறாது. ஆக 11-இலிருந்து 8.5-க்கு இறங்கியதால் போனது ஏழு எட்டு சதவீதம்தான். மீதி இழப்பு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் சாதுவாக இருந்ததாலும், தாமதமான தீப்பொறியாலும், நெரிக்கும் புகைக்குழாயாலும் வந்தது. 1975 கார்வெட்டின் அடியில் படுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். எஞ்சினின் இரு பக்கத்திலிருந்தும் வரும் இரு குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வினையூக்கி மாற்றிக்குள் நுழைகின்றன. மறுபுறம் வெளியே வந்து மீண்டும் இரண்டாகப் பிரிந்து இரண்டு சைலன்சர்களுக்குப் போகின்றன. எட்டு சிலிண்டர்களின் புகையும் அந்த ஒரு கழுத்து வழியாகத்தான் போக வேண்டும்.

இனி ஸ்டாக் விதிகளைப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். சிலிண்டர் தலையின் காற்றுப்பாதையைக் குடைந்து பெரிதாக்கக் கூடாது. வால்வின் அளவு மாறக் கூடாது. எரிகலத்தின் கொள்ளளவுக்கும் பிஸ்டன் தலையின் குழிவுக்கும் சங்கம் வெளியிட்ட அளவுகள் உண்டு, அதனால் அமுக்க விகிதம் ஏறக்குறைய பூட்டப்பட்டுவிட்டது. கார்புரேட்டர் அந்தக் காருக்கு வந்த வகையாகவே இருக்க வேண்டும். ஆனால் புகைப்போக்கிக்குத் தனிக் குழாய்கள் வைத்துத் திறந்துவிடலாம். தீப்பொறித் தருணத்தை விருப்பம்போல் அமைக்கலாம். பின் அச்சின் கியர் விகிதத்தை மாற்றலாம். கேம்ஷாஃப்ட்டில் வால்வு எழும் உயரம் மட்டும் தொழிற்சாலை சொன்னதைத் தாண்டக் கூடாது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதற்குத் தடையில்லை. சட்டமும் சிக்கனமும் சேர்ந்து அந்தக் கார்களிடமிருந்து எதையெல்லாம் பறித்தனவோ, அவற்றில் பெரும்பாலானவற்றைப் பந்தய விதி திரும்பக் கொடுத்துவிடுகிறது. திரும்பக் கிடைக்காதது அந்த ஏழு எட்டு சதவீதம்தான். வகுப்பைத் தீர்மானிக்கும் எண்ணோ, எல்லாம் பறிபோன நிலையில் எழுதப்பட்டது.

கேம்ஷாஃப்ட்டில் நடக்கும் வேலை தனியாகச் சொல்லத் தக்கது. உயரம் கட்டப்பட்டிருக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்றை விட ஒரே வழி, வால்வை அந்த உயரத்துக்கு வேகமாக ஏற்றி, அங்கேயே நீண்ட நேரம் நிறுத்தி, வேகமாக மூடுவது. சாதாரண கேமின் முனை கோழிமுட்டையின் கூர்முனைபோல் இருக்கும். ஸ்டாக் பந்தயக் கேமின் முனையோ மழுங்கி, தோள் அகன்று, ஏறத்தாழச் சதுரமாகத் தெரியும். இந்த வடிவம் வால்வைத் தூக்குவதில்லை, எறிகிறது. எறியப்பட்ட வால்வு கேமை விட்டுப் பிரியாமல் இருக்க மிக விறைப்பான ஸ்பிரிங்குகள் வேண்டும். ஸ்பிரிங் விறைத்தால் கேமின் முகமும் அதன்மேல் அமரும் தட்டும் சீக்கிரம் தேயும். கால் அங்குலத்துக்குச் சற்று மேல் தொடங்கி அரை அங்குலத்துக்குள் நிற்கும் அந்தச் சிறு அசைவுக்குள் ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது.

கார்புரேட்டர் விஷயத்தில் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வலுவான எஞ்சின்கள் பலவற்றுக்கும் சோர்ந்தவை பலவற்றுக்கும் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் என்ற ஒரே குடும்பத்தைப் பயன்படுத்தியது. முன்னால் இரண்டு சிறிய துளைகள், பின்னால் இரண்டு மிகப் பெரிய துளைகள். நிதானமாக ஓட்டும்போது சிறியவை மட்டும் திறந்து எரிபொருளைச் சேமிக்கும், முழுதாக மிதித்தால் நான்கும் திறக்கும். நிமிடத்துக்குச் சுமார் 750 கன அடி காற்றை விடக்கூடியது. 350 கன அங்குல எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்றில், சிலிண்டர்கள் முழுதாக நிரம்பினாலும், இழுப்பது 660 கன அடிதான். மாற்றக் கூடாது என்று விதி பூட்டிய உறுப்பு, பூட்டாமல் விட்டிருந்தாலும் மாற்றத் தேவையில்லாத அளவுக்குப் பெரியது. கிரைஸ்லர் கார்களில் இருந்த கார்ட்டர் தெர்மோகுவாட் இன்னும் ஒரு படி மேல். அதன் உடல் வெப்பம் கடத்தாத ஃபீனாலிக் பிசினால் ஆனது, பெட்ரோல் குளிர்ச்சியாகவே இருக்கும்.

இந்தத் திறன் கால் மைலில் எப்படி நேரமாக மாறுகிறது? திறன் மாறாமல் முடுக்கப்படும் ஒரு பொருள் குறிப்பிட்ட தொலைவைக் கடக்க எடுக்கும் நேரம், எடையைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது. 3,600 பவுண்டு, அதாவது சுமார் 1,630 கிலோ எடையுள்ள காரில் 165 குதிரைத்திறன் சிறிதும் வீணாகாமல் சக்கரத்துக்குப் போனால் 402 மீட்டரை 13.4 நொடியில் கடக்கலாம். நடைமுறையில் டயர் வழுக்கும், கியர் மாறும், காற்று எதிர்க்கும், எஞ்சினும் எப்போதும் உச்சத் திறனில் இருக்காது. களத்தில் கிடைத்த நேரங்களிலிருந்து உருவான ஒரு சூத்திரம் அதே காருக்கு 16.3 நொடியும், கோட்டைக் கடக்கும்போது மணிக்கு 84 மைல் வேகமும் தருகிறது. அந்தக் காலத்துக் கார்களின் சாலைச் சோதனைகளோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. அதே கார் 400 குதிரைத்திறன் தந்தால் நேரம் 12.1 நொடி, வேகம் 112 மைல். கனமூலம் கஞ்சத்தனமானது. திறனை இரட்டிப்பாக்கினாலும் நேரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். நூறில் ஒரு நொடிக்காக மாதக்கணக்கில் உழைப்பது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் முடிவுக்கோட்டு வேகத்திலிருந்து எஞ்சினின் திறனைக் கணிக்கலாம். பான்டியாக் 1973, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் விற்ற எஸ்.டி.-455 எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏழரை லிட்டர் கொள்ளளவு, 8.4 அமுக்க விகிதம். முதலில் 310 என்று சொல்லப்பட்ட திறன், கேம்ஷாஃப்ட் சாதுவாக்கப்பட்டபின் 290 ஆனது. பழைய கேமுடன் பத்திரிகைகள் சோதித்த ட்ரான்ஸ் ஆம் கார் 13.5 நொடியில், மணிக்கு 104 மைல் வேகத்தில் கால் மைலைக் கடந்தது. ஓட்டுநரோடு 4,000 பவுண்டுக்கு நெருங்கிய காரை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக 350 குதிரைத்திறன் வேண்டும். புகைக் கட்டுப்பாட்டின் நடுவில் பிறந்தும் இப்படி ஓடிய அந்த எஞ்சின் அக்காலப் பொறியியலின் பெருமை என்றே சொல்ல வேண்டும். 1973-இல் அது 252 ட்ரான்ஸ் ஆம் கார்களிலும் 43 ஃபயர்பேர்டு ஃபார்முலா கார்களிலும் மட்டுமே வந்தது.

திறன் இருந்தாலும் தரையில் பிடி இல்லாவிட்டால் பயனில்லை. பெரிய இரும்பு எஞ்சின் முன்னால் இருப்பதால் இந்தக் கார்களின் எடையில் பாதிக்கும் மேல் முன்சக்கரங்களில் நிற்கும், இழுக்க வேண்டியவையோ பின்சக்கரங்கள். கார் முன்னோக்கிப் பாயும்போது எடை பின்னால் சாய்கிறது. எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், அச்சுகளுக்கு இடையே 2.74 மீட்டரும் உள்ள கமாரோ, புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகப் பாய்ந்தால் மொத்த எடையில் 18 சதவீதம் பின்னுக்கு நகரும். பின்சக்கரங்களின் பங்கு 45-இலிருந்து 63 சதவீதமாகும். எனவே முன் ஸ்பிரிங்குகளை இலகுவாக எழும்படியும், முன் அதிர்வு தாங்கிகளை எளிதில் நீளும்படியும் அமைப்பார்கள். மூக்கு மேலே எழ, சில கார்கள் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியபடியே புறப்படும். 9 அங்குலத்துக்கு மேல் அகலம் அனுமதிக்கப்படாத வழுவழுப்பான டயர்களைப் புறப்படும் முன் சுழற்றிச் சூடாக்குவதும் பிடிக்காகத்தான். தானியங்கி கியரின் முறுக்கு மாற்றியையும் மாற்றுவார்கள். தெருக் காரில் 2,000 சுற்றுக்குள் பிடித்துக்கொள்ளும் அது, பந்தயக் காரில் 4,000, 5,000 சுற்று வரை எஞ்சினை ஏற விட்டுப் பிறகே பிடிக்கும்.

பல வகுப்புகளின் கார்கள் ஒரே பட்டத்துக்காக மோதுவதால் சமன் செய்யும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொருவரும் தம் கார் எத்தனை நொடியில் ஓடும் என்பதை முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவிடுவார்கள். ஒருவர் 11.40 என்றும் மற்றவர் 12.65 என்றும் எழுதினால், மெதுவான காருக்கு 1.25 நொடி முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். 1963 முதல் பயன்பாட்டில் உள்ள விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பிறகு பச்சை வரும். அனுபவசாலி கடைசி மஞ்சளைப் பார்த்ததுமே புறப்படுவார், ஏனெனில் கண் பார்த்து, கால் அசைந்து, டயர் ஒளிக்கற்றையை விட்டு நகர்வதற்குள் பச்சை எரிந்திருக்கும். அவசரப்பட்டால் சிவப்பு விளக்கு, தோல்வி. எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடினாலும் தோல்வி. ஒரே வகுப்பின் இரு கார்கள் எதிரெதிரே வந்தால் மட்டும் இந்தச் சலுகைகள் இல்லை, இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு முழு வேகத்தில் ஓட வேண்டும். இண்டியானாபொலிஸில் நடக்கும் யு.எஸ். நேஷனல்ஸின் வகுப்புச் சுற்றுகள் முழுவதும் இப்படித்தான். அங்கே யாரும் எதையும் ஒளிக்க முடியாது.

எழுதும் நேரத்தை நூறில் ஒரு நொடித் துல்லியத்துடன் சொல்ல வானிலையையும் படிக்க வேண்டும். எஞ்சின் இழுப்பது காற்றின் கன அளவை, எரிவது அதிலுள்ள ஆக்சிஜன். வெப்பம், ஈரப்பதம், உயரம் மூன்றும் அந்த ஆக்சிஜனைக் குறைக்கும். டென்வர் அருகே 2023 வரை இயங்கிய பாண்டிமியர் களம் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே இருந்தது. அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையோரக் களத்தில் 12 நொடியில் ஓடும் கார் அங்கே 12.7 நொடி எடுக்கும். உயரமான களங்களுக்குக் குறியீட்டு நேரத்தைச் சங்கமே தளர்த்திக் கொடுக்கிறது.

காகித எண் தாழ்வாக இருக்கும் கார் எல்லையில்லாமல் ஜெயித்துக்கொண்டிருக்க முடியாது. குறியீட்டு நேரத்தைவிட அளவுக்கு மீறிக் கீழே ஓடும் எஞ்சின் வகைக்குச் சங்கம் குதிரைத்திறன் எண்ணை உயர்த்தும். எண் உயர்ந்தால் அதே எடையுள்ள கார் வேகமான வகுப்புக்குத் தள்ளப்படும், பழைய வகுப்பிலேயே இருக்க வேண்டுமென்றால் எடை ஏற்ற வேண்டும். பாதிப்பு ஓடியவருக்கு மட்டுமல்ல, நாட்டில் அதே எஞ்சின் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும். வென்ற காரின் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும் உண்டு. சிலிண்டர் தலையைக் கழற்றிக் கவிழ்த்து, எரிகலத்தின்மேல் துளையிட்ட கண்ணாடித் தகட்டை மசகு தடவி ஒட்டி, அளவு பொறித்த கண்ணாடிக் குழாயிலிருந்து சாயம் கலந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். காற்றுக்குமிழ் இல்லாமல் நிரம்பும்போது எத்தனை கன சென்டிமீட்டர் இறங்கியது என்று பார்ப்பார்கள். அளவு விதியில் சொன்னதைவிடக் குறைந்தால் அமுக்க விகிதம் கூடியிருக்கிறது என்று பொருள், வெற்றி பறிபோகும். கேமின் உயரம், வால்வின் விட்டம், காற்றுப்பாதையில் அரம் பட்ட தடம் எல்லாம் சோதிக்கப்படும்.

2008 முதல் ஃபோர்டும் கிரைஸ்லரும், 2012-இல் செவ்ரோலேயும், இந்தப் பிரிவுக்கென்றே தொழிற்சாலையில் தயாரித்த கோப்ரா ஜெட், டிராக் பேக், கோப்போ கார்களை இறக்கின. அவை வேகமான வகுப்புகளை நிரப்பிவிட்டன. ஒரு குதிரைத்திறனுக்கு அதிகப் பவுண்டு சுமக்கும் மெதுவான வகுப்புகளுக்கு அவற்றால் வர முடியாது. 1970-களின் நடுவில் வந்த கமாரோ, டஸ்டர், ஃபயர்பேர்டு போன்ற கார்களுக்கு அங்கே இன்னும் இடம் இருக்கிறது.